நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் நான் எழுதிய பிழை

இந்த வெக்கையிலும் முகம் சுளிக்காமல் தலைமைப் பொறுப்பேற்று அமர்ந்திருக்கும் நம் பழம்பட மன்றத்தின் தலைவர், மதிப்பிற்குரிய அழகரத்தினம் ஐயா அவர்களே! அவருக்கு இடமும் வலமும் வீற்றிருக்கும் செயற்குழுச் செம்மல்களே! செபம் சொல்லி இந்தப் பிற்பகலைத் தொடக்கிவைத்த போதகர் அவர்களே! கிரான் வயல்வட்டையில் வேளாண்மை வெட்டைப் பாதியில் விட்டு, மேலெல்லாம் வைக்கோல் சுணையோடு வந்து சேர்ந்த பெரியோர்களே! தன்னாமுனையிலிருந்து பஸ் பிடித்து, குடையும் கையுமாக வந்திறங்கிய என் அருமைத் தாய்மார்களே! கல்லடியிலிருந்து பாலம் தாண்டி நடந்தே வந்த அண்ணன்மாரே, அக்காமாரே! நாற்காலி கிடைக்காமல் சுவரோடு சாய்ந்து நிற்கும் இளையோரே! உங்கள் அனைவருக்கும் இந்த ஞானமலரின் நெஞ்சு நிறைந்த வணக்கம்.

வணக்கம் சொல்லிவிட்டேன். வழமைப்படி இனி நான் வாவியின் வனப்பை வருணிக்க வேண்டும். மீன்பாடும் நாடென்று மெச்சிப் பேச வேண்டும். கோட்டைச் சுவரின் கீர்த்தியைக் கொட்டி முழக்க வேண்டும். மன்னியுங்கள், இன்றைக்கு அதற்கு எனக்குப் பொறுமையில்லை. பன்னிரண்டு நாளாக ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. அடுப்பில் தேத்தண்ணியை வைத்துவிட்டு வாசலுக்கு வருகிறேன். வாசலுக்கு ஏன் வந்தேன் என்று தெரியாமல் திரும்ப உள்ளே போகிறேன். ஆலயத்தில் முழந்தாளிட்டால் செபம் வாயில் இருக்கிறது, மனம் வாவிக்கரையில் நிற்கிறது. இந்த மேடையிலேயே பாருங்கள், மற்றவர்கள் பேசும்போது மூன்று தரம் எழும்பி மூன்று தரம் இருந்தேன். "என்ன பிள்ள, கதிரையில மூட்டைப்பூச்சியா?" என்று தலைவர் ஐயா காதோடு கேட்டார். மூட்டைப்பூச்சி இல்லை ஐயா, மனச்சாட்சி. அது என்னைக் கடித்த கதையைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

சற்று முன்னர் தம்பி றெஜி ஒலிவாங்கியைப் பிடித்து என்னை அறிமுகம் செய்தார். அடேயப்பா, என்ன அடுக்கு, என்ன மிடுக்கு! "வீதியைப் பார்த்தால் வீட்டைச் சொல்வார், வீட்டைப் பார்த்தால் வாழ்ந்தவரைச் சொல்வார், ஞானமலரம்மாவின் கண்ணுக்குத் தப்பிய கட்டடம் மட்டக்களப்பில் இல்லை" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள், நன்றாகவே தட்டினீர்கள். தம்பி றெஜி, குறை நினைக்காதீர்கள். தப்பிய கட்டடம் ஒன்று இருக்கிறது. அது எப்படித் தப்பியது என்று சொல்லாமல் நான் இந்த மேடையை விட்டு இறங்கமாட்டேன்.

மூன்று வருடத்துக்கு முன் நம் மன்றத்துக்கு ஒரு தகரப் பெட்டி வந்தது. ஒரு காலத்தில் இந்தப் பக்கம் பொறியியலாளராக இருந்த வெள்ளைக்காரர் ஒருவரின் பேரப்பிள்ளைகள் அனுப்பியது. உள்ளே ஐம்பத்திரண்டு படங்கள். எழுபது வருடத்துக்கு முந்திய படங்கள். பின்பக்கத்தில் ஒரு பெயர் உண்டா? இல்லை. ஒரு தேதி உண்டா? இல்லை. ஓர் எழுத்தாவது உண்டா? இல்லவே இல்லை! வெள்ளம் விழுங்கிய வீதி எது, சூறாவளி சுருட்டிய கூரை எது, சண்டையில் சரிந்த சந்தி எது, சுனாமி துடைத்த சுவர் எது? யாருக்குத் தெரியும்? புத்தகமாகப் போடுவதென்றால் ஒவ்வொரு படத்துக்கும் கீழே குறிப்பு வேண்டுமே! செயற்குழு கூடியது, தேநீர் குடித்தது, வடை தின்றது, கடைசியில் ஒரே குரலில் சொன்னது: "ஞானமலரக் கேப்பம்."

ஏன் என்னைக் கேட்டார்கள்? நான் சரித்திரம் படித்தவளா? இல்லை. படம் பிடிக்கத் தெரிந்தவளா? கைத்தொலைபேசியில் படம் எடுத்தால் என் விரல்தான் விழும். சிரியுங்கள், சிரியுங்கள். நான் தபாற்கந்தோரில் முப்பத்து மூன்று வருடம் கடிதம் பிரித்தவள். காலையில் மூட்டை அவிழும், உறை உறையாக என் கையில் ஏறும், வீதி வீதியாகப் பெட்டிகளில் இறங்கும். எந்த வீதியில் எத்தனை வீடு, எந்த இலக்கம் எந்தத் திருப்பத்தில், எந்தக் கடைக்குப் பக்கத்தில் எந்தப் பிரக்கிராசியாரின் சட்டக் கந்தோர், எல்லாம் எனக்கு மனப்பாடம்.

நான் சும்மா பெருமை பேசவில்லை. அந்த ஐம்பத்திரண்டில் ஒரு படம் இருந்தது. மூன்று கடை, ஒரு மாட்டு வண்டி, ஒரு திருப்பம். ஒருவர் கோட்டைப் பக்கம் என்றார். ஒருவர் ஏறாவூர் என்றார். ஒருவர் இது மட்டக்களப்பே இல்லை, திருகோணமலை என்று மேசையில் அடித்துச் சொன்னார். நான் பூதக்கண்ணாடியை வைத்தேன். திருப்பத்தில் ஒரு தபாற்பெட்டி, அதன் தலை ஒரு பக்கம் சரிந்திருந்தது. சரிந்த தபாற்பெட்டி இந்த நகரத்தில் ஒன்றே ஒன்றுதான். லொறி ஒன்று பின்பக்கமாக வந்து இடித்ததாம், நிமிர்த்த ஆளில்லை, நான் வேலைக்குச் சேர்ந்தபோதும் அது சரிந்த தலையோடுதான் கடிதம் விழுங்கிக்கொண்டு நின்றது. "அரசாங்கக் கச்சேரிக்குப் போகிற குறுக்கு வீதி" என்றேன். பழைய வரைபடத்தை விரித்துப் பார்த்தார்கள். மூன்று கடையும் அதே இடத்தில் இருந்தன! அன்றைக்கு என் தலையில் ஏறிய செருக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வீட்டுக்குப் போகிற வழியில் முச்சக்கரவண்டிக்காரருக்கும் அந்தக் கதையைச் சொன்னேன்.

அந்தச் செருக்கோடுதான் நாற்பத்து மூன்றாம் பக்கத்துக்கு வந்தேன்.

புத்தகம் வைத்திருப்பவர்கள் இப்போதே அந்தப் பக்கத்தைத் திறவுங்கள். இல்லாதவர்கள் பக்கத்திலிருப்பவரின் தோளுக்கு மேலால் எட்டிப் பாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. பெரிதாக்கிய படம் இதோ என் வலப்பக்கம் தொங்குகிறது. என்ன தெரிகிறது? கீழே தண்ணீர். தண்ணீருக்குள் இறங்கும் மூன்று கற்படிகள். படிக்கு மேலே இரண்டு சதுரத் தூண்கள், ஒரு தூணில் பதினாலு என்று பூசியிருக்கிறது. தூண்களுக்குப் பின்னால் நீளமான ஓட்டுக் கட்டடம், அதன் ஓரமாக மரங்களுக்கு நடுவே உள்ளே போகிற ஒரு பாதை. இடப்பக்க ஓரத்தில் பழைய இரும்புப் பாலத்தின் ஒரு துண்டு. முன்னால் தண்ணீரில் கறுப்பாக ஒரு மேடு. தெரிகிறதா? பின்வரிசைக்கும் தெரிகிறதா? நல்லது.

அதன் கீழே நான் எழுதிய குறிப்பை நானே வாசிக்கிறேன். "புளியந்தீவு, பண்டகசாலை வீதி, பதினான்காம் இலக்க இல்லம். செல்வந்தக் குடும்பமொன்றின் தனிப்பட்ட படித்துறை. முன்னால் கவிழ்ந்த தோணியொன்று."

எப்படிக் கண்டுபிடித்தேன்? இலக்கத்தைக் கண்டால் என் கை தானாகவே பெட்டியைத் தேடும், அது என் பழக்கம். பதினான்காம் இலக்க வீடுகள் எத்தனையோ உண்டு. பின்வளவு வாவியைத் தொடுகிற பதினான்காம் இலக்கம் பண்டகசாலை வீதியில் மட்டும்தான் இருந்தது. ஓட்டுக் கூரை, சதுரத் தூண், கற்படி, இவ்வளவும் இருந்தால் பணக்காரர் வீடல்லாமல் வேறென்ன? எழுதினேன். செயற்குழு தலையாட்டியது. அச்சகம் அடித்தது. புத்தகம் பல்கலைக்கழகத்துக்குப் போனது, வெளிநாட்டுக்குப் போனது, நூலகங்களுக்கெல்லாம் போனது.

இதோ, ஒரு துண்டுத் தாள் வந்திருக்கிறது. "விடயத்துக்கு வரவும். ஏழு நிமிடம் உண்டு." ஐயா, விடயம் பன்னிரண்டு நாளைக்கு முன்னர் என் வீட்டுப் படலைக்கே வந்துவிட்டது. அதைத்தான் சொல்கிறேன், துண்டு அனுப்புகிற தம்பி கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும்.

அன்று காலை ஏழரை மணி. படலையில் ஒரு பெண் நின்றார். ஐம்பது வயதிருக்கும், கையில் ஒரு பை. நான் வாசலில் நின்றபடியே குரல் கொடுத்தேன்.

"மீன் வேணாம் புள்ள, இண்டைக்கு மரக்கறி."

"மீன் விக்க வரல்ல. புத்தகம் எழுதின ஞானமலரம்மா நீங்கதானா?"

"ஓம், நான்தான்."

"அப்ப சரி. உங்கட புத்தகத்த உங்களுக்கிட்டயே தந்திட்டுப் போகத்தான் வந்தன்."

அவர்தான் அதோ, மூன்றாம் வரிசையில் நீலச் சேலையோடு இருக்கிறார். பெயர் சின்னத்தங்கம். வாகரையில் பிறந்து கல்லடியில் வாழ்க்கைப்பட்டவர். பக்கத்தில் குனிந்துகொண்டிருப்பவர் அவருடைய கணவர் வேலன். எழும்ப வேண்டாம் அம்மா, இருங்கள், நீங்கள் எழும்ப வேண்டிய நேரத்தில் நானே சொல்கிறேன்.

பாலத்துக்கு அக்கரையில், கல்லடி வாவிக்கரையில் பூவரசடி ஒழுங்கை என்று ஒரு மணற்பாதை. பதினொரு குடும்பம், பதினொரு தோணி. ஒழுங்கை முடிகிற இடத்தில் அவர்களுடைய துறை. மூன்று மாதத்துக்கு முன்னர் விடுதி கட்டவென்று வெளியிலிருந்து வந்த சிலர் அந்தத் துறைக்கு முன்னால் தகரம் அடித்து மறித்துவிட்டார்கள். கேட்டால், இங்கே ஒழுங்கையுமில்லை, துறையுமில்லை, இருந்ததற்கு அத்தாட்சி காட்டு என்கிறார்கள். அரச அதிகாரி ஒருவர் விசாரணை வைத்தார். அத்தாட்சிக்கு இந்த மக்கள் எங்கே போவார்கள்? வீட்டில் இருந்த தாளையும் படத்தையும் சுனாமி கொண்டுபோய்விட்டது. அப்போது சின்னத்தங்கத்தின் மகள் கலாஜினி நூலகத்தில் நம் புத்தகத்தைப் பார்த்திருக்கிறாள். நாற்பத்து மூன்றாம் பக்கத்தைக் கண்டதும் அங்கிருந்தே தாய்க்கு அழைப்பெடுத்து, "அம்மா, எங்கட துறை புத்தகத்தில இரிக்கு!" என்று கத்தியிருக்கிறாள். நூலகத்தில் சத்தம் போட்டதற்காக அவளை வெளியே அனுப்பினார்களாம்.

பதினொரு குடும்பமும் சேர்ந்து ஒரு புத்தகம் வாங்கி, விசாரணைக்குக் கொண்டுபோனது. பிறகு நடந்ததைச் சின்னத்தங்கம் என் படலையில் நின்று சொன்னபடியே சொல்கிறேன்.

"நான் புத்தகத்த விரிச்சுக் குடுத்தன். ஐயா, இந்தா படி, இந்தா எங்கட சங்கக் கட்டடம், இந்தா ஒழுங்கை எண்டு விரலால தொட்டுத் தொட்டுக் காட்டினன். அந்த அதிகாரி படத்தப் பாக்கல்ல அம்மா. கீழ இரிக்கிற எழுத்த வாசிச்சார். 'இது புளியந்தீவில ஒரு பணக்காரர்ர வீடெண்டு எழுதிக் கிடக்கு. ஆர்ரயோ வீட்டுப் படத்தக் கொண்டந்து எங்கட எண்டு சொல்றீங்களே, வெக்கமில்லையா?' எண்டு கேட்டார். அங்க இருந்தவங்க எல்லாம் சிரிச்சாங்க. நான் கள்ளியப்போல நிண்டன்."

பெரியோர்களே, தாய்மார்களே! அந்த நேரத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும்? கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்டேனா? இல்லை! எனக்குக் கோபம் வந்தது. என் குறிப்பையா பிழை என்கிறாய் என்று உள்ளே பொங்கியது. "தூணில இலக்கம் இரிக்கு புள்ள, பதினாலு. அது வீட்டு இலக்கம்" என்றேன்.

"அது எங்கட சங்கத்து நம்பர். பதினாலாம் நம்பர் மீன்பிடிச் சங்கம். இண்டைக்கும் அதே நம்பர்தான்."

"அப்ப முன்னால கவிண்டு கிடக்கிற தோணி?"

"தோணியா? என்ட அம்மாளே! அது கல்லு கா. அந்தக் கல்லில எங்கட வல எத்தின தரம் கிழிஞ்சிரிக்கெண்டு என்ட மனிசனக் கேட்டுப்பாருங்க."

அப்போதும் நான் அடங்கவில்லை. கடைசி அம்பை எடுத்தேன். "பூவரசடி ஒழுங்கை எண்டு ஒண்டு இல்லவே இல்ல. முப்பத்து மூண்டு வருசம் கடிதம் பிரிச்சனான். அந்தப் பேருக்கு ஒரு கடிதம் வந்ததில்ல."

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. "எப்பிடி வரும்?" என்று கேட்டார். "மணலுக்குள்ள சைக்கிள் உருளாது. எங்கட கடிதமெல்லாம் சந்தியில சீனித்தம்பிட கடைக்குத்தானே வரும்."

சீனித்தம்பி கடை, கல்லடி! என்ட ஆண்டவரே! அந்த முகவரியை எத்தனை ஆயிரம் தரம் என் கை தொட்டிருக்கும்? வாகரையிலிருந்து கடிதம், சீனித்தம்பி கடை. மத்திய கிழக்கிலிருந்து கடிதம், சீனித்தம்பி கடை. பரீட்சை முடிவு, கலியாணக் காட், மரண அறிவித்தல், எல்லாம் சீனித்தம்பி கடை. இந்த மனிசனுக்கு எவ்வளவு பெரிய குடும்பம், ஒரே வீட்டில் இத்தனை பேர் எப்படி இருக்கிறார்கள் என்று நான் பக்கத்து மேசைப் பெண்ணிடம் பகிடி விட்டிருக்கிறேன். அந்தப் பெயர்கள் எல்லாம் சேர்ந்தால் ஓர் ஒழுங்கை. முப்பத்து மூன்று வருடம் அந்த ஒழுங்கையை நான் கையில் ஏந்தி ஏந்தி, ஒரு கடையின் பெட்டிக்குள் போட்டிருக்கிறேன். கடிதம் வராத ஒழுங்கை எனக்கு ஒழுங்கையாகவே தெரியவில்லை.

"வாங்க கா, வந்து உங்கட கண்ணால பாருங்க" என்றார். அம்மா என்று கூப்பிட்டவர் எப்போது அக்காவாக்கினார் என்று எனக்குத் தெரியாது. போனேன். அறுபத்தெட்டு வயதில், சேலையை முழங்காலுக்குத் தூக்கிக்கொண்டு, வேலனின் தோணியில் ஏறினேன். இளையோரே, அங்கே சிரிப்பது கேட்கிறது. தோணி ஆடிய ஆட்டத்தில் நானும் "இயேசுவே!" என்று கத்தியதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இப்போது கவனமாகக் கேளுங்கள். வாவியில் வலை போட்ட இடத்தை எப்படித் திரும்பக் கண்டுபிடிப்பது? தண்ணீரில் வீதியுண்டா, இலக்கமுண்டா? கரையில் இரண்டு பொருளைப் பார்த்துவைப்பார்கள். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இரண்டும் எந்த இடத்தில் ஒன்றுக்கொன்று நேராக வருகிறதோ, அந்த இடத்தில் தோணி நிற்கும், அங்கே வலை இருக்கும். சின்னத்தங்கம் புத்தகத்தை விரித்து, நாற்பத்து மூன்றாம் பக்கத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்தார். கண் கரையிலும் தாளிலுமாக ஓடியது. வேலன் கம்பை ஊன்றினார்.

"இன்னும் கொஞ்சம் தெக்கால. இன்னும். கல்லு படிக்கு நேர வரட்டும். ஆ, பாலம் வருது, பாலத்தின்ட கால் தாளின்ட ஓரத்தில வந்திட்டுது. நிப்பாட்டுங்க, நிப்பாட்டுங்க!"

தோணி நின்றது. புத்தகத்தை என் கையில் தந்தார். நான் பார்த்தேன். தாளில் இரும்புப் பாலம், தாளுக்கு வெளியே அதே இரும்புப் பாலம், ஒரு விரற்கடையும் விலகவில்லை. தாளில் நான் கவிழ்த்துவைத்த தோணி, கண் முன்னே கரும்பாறையாகக் கிடந்தது, மேலே ஒரு நீர்க்காகம் சிறகு உலர்த்திக்கொண்டிருந்தது. எழுபது வருடத்துக்கு முன் அந்த வெள்ளைக்காரர் எந்தத் தண்ணீரில் நின்று படம் பிடித்தாரோ, அதே தண்ணீரில் நான் நின்றேன். ஆனால் கரையில் என்ன இருந்தது? கட்டடம் இல்லை, எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளியோடு போய்விட்டது. தூண் இல்லை, சுனாமியில் போய்விட்டது. நீல நிறத் தகரம் மட்டும் ஆளுயரத்துக்கு நின்றது.

வேலன் கரையோரமாகத் தோணியை விட்டு, கம்பைத் தண்ணீருக்குள் இறக்கினார். டொக் என்றது. கொஞ்சம் தள்ளி இறக்கினார். டொக். இன்னும் கொஞ்சம் தள்ளி, டொக். மூன்று படி. அப்போதுதான் அந்த மனிதர் முதன்முதலாக வாய் திறந்தார்.

"அக்கா, இந்தத் துறை போனா தோணி கட்ட எங்களுக்கு வேற இடமில்ல. பாலத்தடியில இப்பவே நெருக்கம், அங்க விடமாட்டாங்க. தோணிய வித்துப்போட்டுக் கூலிக்குத்தான் போகணும். பதினொரு குடும்பமும் அப்பிடித்தான்."

எனக்கு வந்தது வெட்கம், வேறொன்றுமில்லை. அவர்களுடைய வழியை மறித்தது தகரம் மட்டும்தானா? தகரம் அடித்தவர்களுக்கு அத்தாட்சி எழுதிக் கொடுத்தவள் யார்? நான்தானே!

என்னை நானே கேட்கிறேன், உங்களையும் கேட்கிறேன். ஓட்டுக் கூரையைக் கண்டதும் பணக்காரர் வீடென்று ஏன் நினைத்தேன்? மீன் பிடிக்கிறவர்கள் சேர்ந்து கல் சுமந்து, கட்டடம் எழுப்பி, தங்கள் சங்கத்தின் இலக்கத்தைத் தூணில் பூசியிருப்பார்கள் என்று ஏன் எனக்குத் தோன்றவில்லை? அழகான கட்டடமென்றால் புளியந்தீவு, அழுக்கான கொட்டிலென்றால் அக்கரை என்று யார் என் மூளையில் எழுதிவைத்தது? செயற்குழுவில் ஏழு பேர் இருந்தோமே, ஒருவருக்காவது தோன்றியதா? மீன் பாடுகிறதா என்று கேட்கத் துடுப்பைத் தண்ணீரில் விட்டு மறுமுனையில் காதை வைக்கிறோம். மீன் பிடிக்கிறவர் பேசுவதைக் கேட்க ஒரு நாளாவது காதைக் கொடுத்தோமா?

வீட்டுக்கு வந்து அந்த அதிகாரிக்குக் கடிதம் எழுதினேன். நேரிலும் போனேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார். "அம்மா, நீங்க தனி ஆள். புத்தகம் உங்கட மன்றத்தின்ட பேரில வந்தது. மன்றம் பிழையெண்டு சொன்னா நான் ஏற்றுக்கொள்றன்" என்றார். தலைவர் ஐயாவிடம் ஓடினேன். ஐயாவை நான் குறை சொல்லவில்லை. ஐம்பது வருடம் இந்த ஊருக்காக அலைந்த மனிதர். அவர் சொன்ன காரணமும் இலேசானதல்ல. "ஒரு படம் பிழையெண்டு நாங்களே சொன்னா, மற்ற ஐம்பத்தொண்டையும் ஆர் நம்புவாங்க பிள்ள? பொறுங்க, அடுத்த பதிப்பில திருத்துவம்" என்றார்.

அடுத்த பதிப்பு எப்போது ஐயா? அடுத்த வருடம். அடுத்த விசாரணை எப்போது? திங்கட்கிழமை! இன்று சனி, நாளை ஞாயிறு, நாளை மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அந்த மேசையில் நம் புத்தகம் திரும்பவும் விரியும். திரும்பவும் என் குறிப்பை வாசிப்பார்கள். திரும்பவும் இந்தப் பெண் கள்ளியைப்போல நிற்பதா? ஐம்பத்தொரு படத்தின் மானத்தைக் காப்பாற்றப் பதினொரு குடும்பத்தின் வழியை அடைப்பதா? சொல்லுங்கள் சபையோரே, சொல்லுங்கள்!

அங்கே யாரோ "வெட்டி விடுங்க!" என்கிறார். நல்ல வார்த்தை தம்பி, அதைத்தான் செய்யப்போகிறேன். இதோ பேனா, இதோ தொங்குகிற படம், இதோ அதன் கீழே என் மூன்று வரி. ஒன்று. இரண்டு. மூன்று. கோடு போட்டுவிட்டேன். மேடை இடிந்து விழுந்ததா? இல்லையே!

ஆனால் என் கோடு மட்டும் போதாது. நம் மன்றத்தின் யாப்பு விதி என்ன சொல்கிறது? செயற்குழுவில் ஏழு பேர், நால்வர் கையொப்பமிட்டால் அது மன்றத்தின் முடிவு. இந்த மேடையில் இப்போது செயற்குழுவினர் ஐந்து பேர் இருக்கிறோம். இந்தத் தாளில் ஒரே வரி எழுதி வந்திருக்கிறேன்: "நாற்பத்து மூன்றாம் பக்கத்துக் குறிப்பு பிழையானது, மன்றம் அதை மீளப் பெறுகிறது." முதற் கையொப்பம் ஞானமலர், போட்டுவிட்டேன்.

பொருளாளர் றொசானி எழும்பி வருகிறார். கேட்காமலே வருகிறார், பாருங்கள். நன்றி மகள். இரண்டு. செயலாளர் ஜெயராஜா? யோசிக்கிறார், யோசிக்கட்டும். ஓம், வருகிறார்! கை தட்டுங்கள் ஐயா, இவர்களுக்குத் தட்டுங்கள். மூன்று. உபதலைவர் அவர்களே? தலையை ஆட்டுகிறார், எனக்கு நேரம் வேண்டும் என்கிறார். அது அவருடைய உரிமை, யாரும் கூச்சல் போடவேண்டாம், அவரை விடுங்கள்.

ஆக, மிஞ்சியிருப்பது நீங்கள் ஒருவர்தான், தலைவர் ஐயா. உங்களை நெருக்குவதற்காக இந்தச் சபைக்கு முன்னால் இதை வைக்கவில்லை. இல்லை, பொய் சொல்லக்கூடாது, நெருக்குவதற்காகத்தான் வைத்தேன். எனக்கு வேறு வழியில்லை, நேரமுமில்லை. பிழையே விடாத மன்றம் என்று நம்மை யாரும் நம்பப்போவதில்லை ஐயா. பிழை விட்டால் சொல்லுகிற மன்றம் என்று நம்பட்டும். கோபமென்றால் நாளைக்கு என்னை மன்றத்திலிருந்து நீக்குங்கள், நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். இன்றைக்கு இந்தத் தாளை மட்டும் பாருங்கள்.

ஐயா எழும்பியிருக்கிறார். சபையோரே, கொஞ்சம் அமைதி. தாளை வாங்குகிறார், வாசிக்கிறார். என்ன ஐயா? ஒலிவாங்கிக்குக் கிட்ட வந்து சொல்லுங்கள், எல்லோருக்கும் கேட்கட்டும்.

"மீளப் பெற்றா மட்டும் போதுமா பிள்ள? அப்ப அந்தப் படத்துக்குக் கீழ வெறும் கோடுதானே கிடக்கும். சரியான வரி வேணாமா? சொல்லுங்க, நான் எழுதிறன்."

கேட்டீர்களா? கேட்டீர்களா! ஐயா, இந்தக் கையைக் கொஞ்சம் தாருங்கள். மன்னித்துக்கொள்ளுங்கள், எனக்குக் கண் கலங்குகிறது. சரியான வரியை நான் சொல்லமாட்டேன் ஐயா, அந்தப் படத்துக்கு ஒருமுறை நான் சொன்னது போதும். சின்னத்தங்கம், இப்போது எழும்புங்கள். என்ன எழுத வேண்டுமென்று நீங்கள் சொல்லுங்கள். பயப்படாதீர்கள், தலைவர் பேனாவோடு காத்திருக்கிறார். புத்தகம் வைத்திருக்கும் நீங்கள் எல்லோரும் என் குறிப்பை வெட்டுங்கள், அவர் சொல்வதை அதன் கீழே எழுதுங்கள். பேனா இல்லாதவர்கள் பக்கத்தில் வாங்குங்கள்.

"கல்லடி, பூவரசடி ஒழுங்கை. பதினாலாம் நம்பர் மீன்பிடிச் சங்கத்துக் கட்டடமும் எங்கட துறையும். முன்னால தெரியிறது கல்லு, தோணி இல்ல."

எழுதிவிட்டீர்களா? ஐயா எழுதிவிட்டார், கையொப்பமும் போட்டுவிட்டார். நான்காவது கையொப்பம்! உங்கள் புத்தகங்களிலும் கீழே கையொப்பமிடுங்கள், வீட்டு முகவரியோடு இடுங்கள், போகும்போது வாசலில் வேலனிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். உங்கள் புத்தகம் பத்திரமாகத் திரும்பி வரும், அதற்கு நான் பொறுப்பு. பொறுமையோடு கேட்ட பெரியோருக்கும், என்னோடு சேர்ந்து கண் கலங்கிய தாய்மாருக்கும், எழும்பி வந்து கையொப்பமிட்டவர்களுக்கும், என்னைத் தோணியில் ஏற்றிய இருவருக்கும் என் நன்றி. திங்கட்கிழமை அந்த மேசையில் ஒரு புத்தகமல்ல, இந்த மண்டபத்தின் புத்தகமெல்லாம் இருக்கும். அதிகாரி எந்தப் புத்தகத்தையும் விரிக்கட்டும், படத்தைப் பார்க்காமலே விடட்டும், கீழே இருக்கிற எழுத்தை வாசிக்கட்டும். வணக்கம்.